ஹெச்61 போர்டில் விண்டோஸ் எக்ஸ்பி: நீலத்திரை, எல்பிடி டாங்கிள், பேஜ்மேக்கர் தமிழ் எழுத்துரு

திருமங்கலம்_பிரஸ் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ், பில் புக் எல்லாம் இன்னும் பேஜ்மேக்கர் 7-லதான் (பக்கம் வடிவமைக்கிற பழைய சாஃப்ட்வேர்) செய்றோம். பழைய பென்டியம் 4 போர்டு போயிருச்சு. அதுல இருந்த 80 ஜிபி ஐடிஇ ஹார்டு டிஸ்க் நல்லா இருக்கு. மாத்தா எடுத்தது: ஹெச்61 போர்டு, ஐ3 செகண்ட் ஜெனரேஷன், 4 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, சாட்டா டிவிடி டிரைவ். எக்ஸ்பி புரொஃபஷனல் எஸ்பி2 ரீடெயில் சிடியும் கீயும் கையில இருக்கு.

சிடியைப் போட்டா ஃபைல் எல்லாம் லோடு ஆகுது. "ஸ்டார்ட்டிங் விண்டோஸ்"னு வந்ததும் நீலத்திரை, கோடு 7பி-னு முடியுது. இதே எஸ்எஸ்டியில முன்னாடி விண்டோஸ் 10 இருந்துச்சு. பயாஸில (போர்டோட அடிப்படை செட்டிங்) என்னமோ மாத்தினதுக்கு அப்புறம் நீலத்திரை போயிருச்சு, ஆனா "ஹார்டுவேர் இன்ஸ்பெக்ட்" வரிக்குப் பிறகு திரை கருப்பாவே நிக்குது.

தமிழ் சாஃப்ட்வேருக்கு எல்பிடி போர்ட்ல (பழைய பிரின்டர் போர்ட்) மாட்டுற டாங்கிள் இருக்கு, அது மாட்டியிருந்தாத்தான் சாஃப்ட்வேர் ஓடும். போர்டுல பின்பக்கம் அந்த போர்ட் இல்லை. யூஎஸ்பி டு பேரலல் கேபிள் வாங்கிப் பழைய லேப்டாப்ல போட்டுப் பார்த்தா டாங்கிள் எடுக்கலை.

பார்ட்டிங்க மேட்டரை வாட்ஸ்அப்ல யூனிகோடுல அனுப்புறாங்க. அதை பேஜ்மேக்கருக்குக் கொண்டுவர ஒழுங்கான வழி வேணும். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி சிஸ்டம் ரெடியாகணும். வேகமா ஓட என்ன செட்டிங் வைக்கலாம்னும் சொல்லுங்க.

வாடிப்பட்டி_ஹார்டுவேர்

தம்பி, சிடி போடுறதுக்கு முன்னாடி பயாஸையும் டிஸ்கையும் ஒழுங்கு பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சது. ரெண்டு சிக்கலுக்கும் காரணம் அங்கதான் இருக்கு.

முதல்ல 7பி. எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபர்ல. ஏஹெச்சிஐ முறையில ஓடுற சாட்டா கன்ட்ரோலருக்கு அந்த சிடியில டிரைவரே கிடையாது. 2008-ல வந்த எஸ்பி3-லயும் சேர்க்கலை. ஆரம்பத்துல ஃபைலை லோடு பண்றது பயாஸ் தயவுல. "ஸ்டார்ட்டிங் விண்டோஸ்" வந்ததும் விண்டோஸ் தன்னோட சொந்த டிரைவர்ல டிஸ்கைத் தேடும். ஆள் இல்லை, 7பி. பயாஸுக்குள்ள போய் "சாட்டா மோட்" இருக்கிற இடத்துல ஏஹெச்சிஐயை ஐடிஇ-னு மாத்துங்க. நீங்க மாத்தினது அதாத்தான் இருக்கணும், அதனாலதான் நீலத்திரை போச்சு. பேஜ்மேக்கர் வேலைக்கு ஐடிஇ மோடுல நஷ்டம்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லை.

அதே இடத்துல இன்னும் மூணு விஷயம். பூட் மோட் யூஇஎஃப்ஐ-னு இருந்தா லெகஸிக்கு மாத்துங்க. போர்டுல நீல நிற யூஎஸ்பி 3 போர்ட் இருந்தா அதை டிஸேபிள் பண்ணிட்டு, கீபோர்டு மவுஸைக் கருப்பு யூஎஸ்பி 2 போர்ட்ல மாட்டுங்க. எக்ஸ்பிக்கு யூஎஸ்பி 3-ஐத் தானா அடையாளம் தெரியாது. "லெகஸி யூஎஸ்பி சப்போர்ட்" எனேபிள்ல இருக்கணும். இல்லைன்னா லைசென்ஸ் பக்கத்துல எஃப்8 அழுத்தினா கேட்காது.

இப்ப கருப்புத் திரை. விண்டோஸ் 10 அந்த எஸ்எஸ்டியை ஜிபிடி-ங்கிற புது முறையில பிரிச்சு, மறைவான பார்ட்டிஷன்களும் போட்டு வச்சிருக்கும். எக்ஸ்பி செட்டப் அதைப் படிக்கப் போய் அப்படியே நின்னுரும். டிஸ்கைச் சுத்தமா துடைச்சு, பழைய முறையான எம்பிஆரா மாத்தினாத்தான் வழி.

துடைக்கிறதை எக்ஸ்பி சிடியில செய்யாதீங்க. எக்ஸ்பி செட்டப் முதல் பார்ட்டிஷனை 63-வது செக்டார்ல ஆரம்பிக்கும். 63-ஐ 512-ஆல பெருக்கினா 32,256 பைட். எஸ்எஸ்டியும் புது ஹார்டு டிஸ்க்கும் உள்ளுக்குள்ள 4,096 பைட் கட்டமா வேலை செய்யுது. 32,256 அந்தக் கட்டத்துல சரியா உட்காராது. டிஸ்க்ல சின்னதா ஒண்ணை எழுதினாலும் ரெண்டு கட்டத்தைத் தொட்டு எழுத வேண்டி வரும். வேகமும் போகும், எஸ்எஸ்டி ஆயுசும் குறையும். 2,048-வது செக்டார்ல ஆரம்பிச்சா கணக்கு சரியா வரும்.

அதுக்கு ஒரு விண்டோஸ் 7 டிவிடி போதும், அதை இன்ஸ்டால் பண்ண வேண்டாம். மத்த டிஸ்க் எல்லாத்தையும் கழட்டிட்டு (உங்க 80 ஜிபி முக்கியமா பக்கத்துலயே இருக்கக் கூடாது) அதுல பூட் பண்ணி, முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்துங்க. கருப்பு ஜன்னல் வரும். டிஸ்க்பார்ட்-னு அடிங்க. லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, கிளீன். அப்புறம் கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி சைஸ்=61440, ஆக்டிவ், ஃபார்மட் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ் குவிக். இது சி டிரைவுக்கு 60 ஜிபி. திரும்ப ஒரு பிரைமரி, சைஸ்=143360, அதே ஃபார்மட்; இது டி டிரைவுக்கு 140 ஜிபி. 240 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸ் கணக்குல சுமார் 223 ஜிபி. மீதி 23 ஜிபியைத் தொடாம சும்மா விடுங்க. எக்ஸ்பிக்கு ட்ரிம் கிடையாது, அழிச்ச இடம் எதுன்னு எஸ்எஸ்டிக்கு அது சொல்லாது. அந்தக் காலி இடம்தான் எஸ்எஸ்டிக்கு மூச்சு விடுற இடம்.

விண்டோஸ் 7 செட்டப்போட மவுஸ் வழியில பிரிக்காதீங்க. 100 எம்பிக்கு ஒரு தனிப் பார்ட்டிஷனைச் சேர்த்துரும்.

இனி எக்ஸ்பி சிடி. பார்ட்டிஷன் பட்டியல்ல 60 ஜிபியைத் தேர்ந்தெடுத்து என்டர் அடிச்சா ஃபார்மட் கேட்கும். கடைசி வரியா "லீவ் த கரன்ட் ஃபைல் சிஸ்டம் இன்டாக்ட்"னு இருக்கும், அதைத்தான் எடுக்கணும். கார்டு ரீடர், பென்டிரைவ், யூஎஸ்பி டிஸ்க் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. கார்டு ரீடர் இருந்தா அது சி, டி, இ எல்லாத்தையும் பிடிச்சுக்கும், விண்டோஸ் போய் எஃப் டிரைவ்ல உட்காரும். அப்புறம் அதை மாத்த முடியாது, மறுபடி முதல்ல இருந்துதான்.

பென்டிரைவ்ல இருந்து போட முடியுமான்னு கேட்பீங்க. முடியும், ஆனா ஐஎஸ்ஓவை அப்படியே எழுதினா எக்ஸ்பி பூட் ஆகாது, அதுக்குன்னு தனி டூல் வேணும். அப்படிச் செஞ்சும் பூட் ஃபைல் பென்டிரைவ்லயே போய் எழுதிக்கிறது அடிக்கடி நடக்கும்; பென்டிரைவைக் கழட்டினா சிஸ்டம் எழாது. டிவிடி டிரைவ் இருக்கிறப்ப எதுக்கு அந்தத் தொல்லை.

நடுவுல "செட்டப் கெனாட் காப்பி ஃபைல்"னு வந்தா சிடியில கீறல் இருக்கும், இல்லைன்னா ராம் கோளாறு. ரெண்டு ராம் இருந்தா ஒண்ணைக் கழட்டிட்டுப் பாருங்க. "34 மினிட்ஸ்"ல நின்னா அது டிவைஸ் தேடுற கட்டம். கூடுதலா மாட்டின கார்டு எதையாவது கழட்டிட்டு ரீசெட் பண்ணுங்க, விட்ட இடத்துல இருந்து தொடரும்.

சிம்மக்கல்_சர்வீஸ்

வாடிப்பட்டி அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க: எஸ்பி2 சிடியை அப்படியே போடாம, முதல்ல எஸ்பி3-ஐ (சர்வீஸ் பேக் 3) உள்ளே கலந்து புது சிடி எழுதிருங்க. வேறொரு விண்டோஸ் மெஷின்ல என்லைட்-ங்கிற டூலைப் போட்டு, சிடியில இருக்கிற மொத்தத்தையும் ஒரு ஃபோல்டருக்கு காப்பி பண்ணி, சர்வீஸ் பேக் ஃபைலைக் காட்டினா (சுமார் 316 எம்பி) அதுவே கலந்துரும். பிறகு "பூட்டபிள் ஐஎஸ்ஓ". சிடியில குறைஞ்ச வேகத்துல எழுதுங்க.

என்லைட்ல "காம்போனன்ட்ஸ்"னு ஒரு பக்கம் வரும். தேவையில்லாததை நீக்கி சிடியைச் சின்னதாக்கலாம்னு ஆசை வரும். கை வைக்காதீங்க. அங்க "லாங்வேஜஸ்" பகுதியில எதையாவது எடுத்துட்டா, பின்னால தமிழ் யூனிகோடுக்கு வேண்டிய ஃபைல் கிடைக்காது. பேஜ்மேக்கருக்கு பிரின்ட் ஸ்பூலர் வேணும், அதையும் சிலர் தெரியாம நீக்கிருவாங்க.

இப்ப டாங்கிள். யூஎஸ்பி டு பேரலல் கேபிள் உண்மையான எல்பிடி போர்ட் ஆகாது. அது விண்டோஸ்கிட்ட "நான் ஒரு யூஎஸ்பி பிரின்டர்"னுதான் சொல்லும். டாங்கிள் தேடுறது 378-ங்கிற முகவரியில இருக்கிற நிஜ போர்ட்டை. பிரின்டர் ஓடும், டாங்கிள் ஓடாது. கேபிள்ல குறை இல்லை.

ஹெச்61 போர்டை நல்லா உத்துப் பாருங்க. ஓரத்துல ரெண்டு வரிசையா 26 முள் வர்ற இடம், அதுல ஒரு முள் இல்லாம இருக்கும், பக்கத்துல எல்பிடி-னு பொடி எழுத்து. ஹெச்61 போர்டுகள்ல பலதுல இது உண்டு. அதுக்கு பிராக்கெட்டோட ஒரு ரிப்பன் கேபிள் வேணும். மீனாட்சி பஜார், டவுன் ஹால் ரோடு பக்கம் பழைய கேபினெட் உடைக்கிற கடைகள்ல கேட்டுப் பாருங்க. சிவப்புக் கோடு போட்ட ஓரம் 1-வது முள் பக்கம் வரணும். முள் வரிசை எல்லா போர்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும்னு நம்பாதீங்க. போர்டு மேனுவல்ல இருக்கிற படத்தோட ஒத்துப் பார்த்துட்டு மாட்டுங்க.

பயாஸில பேரலல் போர்ட் முகவரி 378, ஐஆர்க்யூ 7. மோடு இசிபி-ல இருந்தா முதல்ல இபிபிக்கு மாத்திப் பாருங்க, அப்பவும் எடுக்கலைன்னா எஸ்பிபி. எக்ஸ்பிக்குள்ள டிவைஸ் மேனேஜர், போர்ட்ஸ், எல்பிடி1, "போர்ட் செட்டிங்ஸ்" தாவல்ல "எனேபிள் லெகஸி பிளக் அண்டு பிளே டிடெக்ஷன்" டிக் போடுங்க. டாங்கிள் டிரைவரைப் போடுறப்ப டாங்கிள் மாட்டியிருக்க வேண்டாம், போட்டு ரீஸ்டார்ட் ஆன பிறகு சிஸ்டத்தை ஷட்டவுன் பண்ணிட்டு மாட்டலாம். சிஸ்டம் ஓடுறப்ப எல்பிடியில எதையும் மாட்டவோ கழட்டவோ கூடாது, போர்ட் போயிரும்.

போர்டுல அந்த 26 முள்ளே இல்லைன்னா பிசிஐ பேரலல் கார்டு ஒரு வழி. ஆனா அந்தக் கார்டு 378-ல வராது, வேற முகவரி எடுக்கும். புது டாங்கிள் டிரைவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும், ரொம்பப் பழசு கண்டுபிடிக்காது. கார்டு வாங்குறதுக்கு முன்னாடி திருப்பிக் கொடுக்கலாமான்னு கேட்டு வச்சுக்குங்க.

டிரைவர் வரிசை: சிப்செட் முதல்ல, பிறகு கிராஃபிக்ஸ், ஆடியோ, லேன் கடைசி. உங்க செகண்ட் ஜெனரேஷன் ஐ3-க்கு எக்ஸ்பி கிராஃபிக்ஸ் டிரைவர் இருக்கு, மூணாவது ஜெனரேஷன் வரைக்கும் கிடைக்கும், அதுக்கு மேல கிடையாது. மஞ்சள் கேள்விக்குறி மிச்சம் இருந்தா அதை ரெண்டு தடவை கிளிக் பண்ணி "டீடெயில்ஸ்" தாவலைப் பாருங்க. "வென்" எழுத்துக்குப் பின்னால 8086 இருந்தா இன்டெல், 10இசி இருந்தா ரியல்டெக். அந்த எண்ணை வச்சுத் தேடினா சரியான டிரைவர் கிடைக்கும். கண்ணை மூடிக்கிட்டு "டிரைவர் பேக்" எதையும் போடாதீங்க, கூடவே விளம்பர மென்பொருள் வந்து உட்காரும்.

4 ஜிபி ராம்ல 3.2, 3.3-னுதான் காட்டும். 32 பிட்டோட எல்லை அது. ராம் நல்லாத்தான் இருக்கு.

எழுத்துரு_ஆர்வலர்

தமிழ்ப் பகுதியை மட்டும் நான் சொல்கிறேன். இதில் இரண்டு தனி உலகங்கள் உள்ளன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல்.

பேஜ்மேக்கர் 7 யூனிகோடுக்கு முந்தைய காலத்து வழக்கத்தில் இயங்குவது. அதில் "க" என்று நமக்குத் தெரிவது, கணினிக்கு ஏதோ ஒரு லத்தீன் குறியின் இடம். அந்த இடத்தில் எழுத்துரு "க"வின் படத்தை வைத்திருக்கிறது. திஸ்கி, டாப், டாம், பாமினி, வானவில் என ஒவ்வொன்றும் வெவ்வேறு இட ஒதுக்கீடு. தமிழக அரசு 1999-இல் டாப், டாம் இரண்டையும் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்16-க்கும் மாறியது. அச்சகக் கோப்புகள் அந்த மாற்றத்தோடு நகரவில்லை, ஆகவே பழைய எழுத்துருவும் அதே பதிப்பில் உங்களிடம் இருந்தாக வேண்டும். 80 ஜிபி டிஸ்கிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேறிடத்தில் இறக்கிய எழுத்துருவில் இடம் மாறியிருக்கலாம். பழைய கோப்பைத் திறந்தால் "ஸ்ரீ" இருந்த இடத்தில் வேறு எழுத்து நிற்கும்.

எல்லா எழுத்துருக்களையும் அள்ளிப் போட வேண்டாம். நடப்பு வேலைக்கு வேண்டிய ஐம்பது, அறுபது போதும்; மீதியை டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது சேர்க்கலாம். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் எக்ஸ்பி எழுந்திருக்கவும் பேஜ்மேக்கர் பட்டியல் விரியவும் நேரமாகும். சேர்த்த எழுத்துரு திடீரென்று கட்டங்களாகத் தெரிந்தால் சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள எஃப்என்டிகேஷ் என்ற கோப்பை அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பி அதைப் புதிதாக எழுதிக்கொள்ளும்.

யூனிகோடு தமிழ் திரையில் தெரிவதற்கு: கன்ட்ரோல் பேனலில் "ரீஜனல் அண்டு லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்", அதில் "லாங்வேஜஸ்" தாவல், "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்" என்று தொடங்கும் முதல் கட்டத்தில் டிக். எக்ஸ்பி சிடியைக் கேட்கும், எஸ்பி3 கலந்த சிடியையே கொடுங்கள். லதா எழுத்துரு அதனோடு வந்துவிடும். அதே ஜன்னலில் "அட்வான்ஸ்டு" தாவலில் யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும். அதை மாற்றினால் பேஜ்மேக்கரில் பழைய தமிழ் சிதறும். எக்ஸ்பியோடு வரும் தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் மட்டுமே. தமிழ்99 அல்லது பழைய தட்டச்சு முறை வேண்டுமானால் என்ஹெச்எம் ரைட்டர் எக்ஸ்பியில் நன்றாக ஓடும்.

வாட்ஸ்அப் மேட்டருக்கு: இணையம் உள்ள வேறு மெஷினில் அல்லது போனில் செய்தியை எடுத்து, எழுத்துருமாற்றியில் உங்கள் எழுத்துருவின் குறியாக்கத்துக்கு மாற்றுங்கள். மாற்றியதை நோட்பேடில் ஒட்டிச் சேமிக்கும்போது "என்கோடிங்" என்ற இடத்தில் ஆன்சி தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைய நோட்பேட் யூடிஎஃப்8-ஐத் தானாக வைக்கும். அதை அப்படியே பேஜ்மேக்கரில் பிளேஸ் செய்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு, மூன்று குப்பைக் குறிகள் வரும்.

மாற்றியபின் கண்ணால் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. "இ" காணாமல் போவது ஒன்று. திஸ்கியில் 173-ஆம் இடத்தில் "இ" உட்கார்ந்திருந்தது. அதே இடம் விண்டோஸுக்கு வரி முடிவில் மட்டும் தெரியும் மென்கோடு. "இல்லத் திறப்பு விழா" என்பது "ல்லத் திறப்பு விழா" ஆகிவிடும். 1.7 பதிப்பில் 254-ஆம் இடத்திலும் "இ"யை வைத்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் எழுத்துரு திஸ்கி என்றால் மாற்றியில் 1.7-ஐத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது கொ, கோ, கௌ: "கௌ"வின் பின்பாதியும் "ள" எழுத்தும் ஒரே வடிவில் இருப்பதால் அனுப்புகிறவர்களே "கெ"யும் "ள"வுமாகத் தட்டியிருப்பார்கள், "கௌரி" என்ற பெயரை எப்போதும் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்ரீ, க்ஷ, ஃ மூன்றையும் அப்படியே.

பேஜ்மேக்கரில் ஃபைல், பிரிஃபரன்சஸ், ஜெனரல், "மோர்" பொத்தான்: அங்கே "யூஸ் டைபோகிராஃபர்ஸ் கோட்ஸ்" டிக்கை எடுத்துவிடுங்கள். மேற்கோள் குறி இருக்கும் விசையில் தமிழ் எழுத்து வைத்த எழுத்துருக்களில் அந்த டிக் எழுத்தையே மாற்றிவிடும்.

மேலூர்_டிடிபி

ஏண்ணே, இம்புட்டுப் பாடு எதுக்கு? விண்டோஸ் 10 மேல விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு சிஸ்டத்துக்குள்ள இன்னொண்ணை ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு அதுக்குள்ள எக்ஸ்பி ஓட்டலாமே. ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சா கெட்டுப்போனாலும் ஒரே கிளிக்ல பழைய நிலைக்கு வந்துரும்.

சிம்மக்கல்_சர்வீஸ்

டாங்கிள் யூஎஸ்பியா இருந்தா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். எல்பிடி டாங்கிளை விர்ச்சுவல் மெஷினுக்குள்ள கொண்டுபோறது நம்பிக்கையான வழி இல்லை. ஒரு நாள் எடுக்கும், மறுநாள் எடுக்காது. முகூர்த்த சீசன்ல அதை வச்சு வேலை ஒத்துக்க முடியாது. தம்பிக்கு நேரடி எக்ஸ்பிதான் சரி.

வாடிப்பட்டி_ஹார்டுவேர்

செட்டிங்ஸ், பாதுகாப்பு ரெண்டையும் சொல்லிடறேன்.

மை கம்ப்யூட்டர், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபாமன்ஸ். "பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்" போட்டுட்டு, எழுத்தோட விளிம்பை மழுப்புற ஒரே ஒரு டிக்கை மட்டும் திரும்ப வைங்க. டிஸ்பிளே பிராப்பர்ட்டீஸ்ல அப்பியரன்ஸ், எஃபெக்ட்ஸ் போய் கிளியர்டைப் வைங்க. எல்சிடி மானிட்டர்ல பொடித் தமிழ் எழுத்தைப் புரூஃப் பார்க்கிறவங்களுக்குக் கண் வலிக்காது. மெனு திறக்கிற தாமதம் எக்ஸ்பியில 400 மில்லி செகண்ட். ட்வீக்யூஐ டூல்ல அதை 50-க்கு இறக்கினா மெஷினே வேற மாதிரி இருக்கும். பேஜ்ஃபைலை ஆரம்பம், உச்சம் ரெண்டும் 1536 எம்பின்னு நிலையா வைங்க. ஹைபர்னேட்டை அணைச்சா ராம் அளவுக்கு சி டிரைவ்ல இடம் மிச்சம். சிஸ்டம் ரீஸ்டோர் சி-க்கு மட்டும் போதும். இண்டெக்ஸிங் சர்வீஸ், ரிமோட் ரெஜிஸ்ட்ரி ரெண்டும் டிஸேபிள். சர்வீஸ் பட்டியல்ல இதுக்கு மேல கை வைக்கிறதுல லாபம் இல்லை.

முக்கியமானது பென்டிரைவ். அச்சகத்துக்கு நாளைக்குப் பத்துப் பேர் பென்டிரைவோட வருவாங்க, எக்ஸ்பி அதைச் செருகின உடனே ஆட்டோரன்னை ஓட்டும். ரன் பெட்டியில ஜிபிஎடிட்.எம்எஸ்சி அடிங்க (புரொஃபஷனல்ல மட்டும் உண்டு, ஹோம் பதிப்புல கிடையாது). கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், அங்க "டர்ன் ஆஃப் ஆட்டோபிளே". எனேபிள்டு, ஆல் டிரைவ்ஸ். பார்ட்டி பென்டிரைவை எக்ஸ்பியில நேரா செருகவே விடாதீங்க. வேற மெஷின்ல சோதிச்சு, உங்க சொந்த பென்டிரைவ் வழியா மட்டும் உள்ள கொண்டுவாங்க. அதை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணி வச்சா ரெண்டு பக்கமும் படிக்கும்.

இணையம் வேண்டவே வேண்டாம். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஓட முடிஞ்சது. அதுக்கப்புறமும் ஆபத்து பெரிசுன்னு மைக்ரோசாஃப்ட் சில தடவை தனியா திருத்தம் விட்டுச்சு. முக்கியமானது ரெண்டு: 2017-ல வன்னாக்ரை வைரஸ் சமயத்துல கேபி4012598, 2019-ல புளூகீப்-ங்கிற ஓட்டைக்கு கேபி4500331. லேன் கேபிள் மாட்டுறதா இருந்தா இந்த ரெண்டும் போட்டாகணும். விண்டோஸ் 10-ல இருந்து எக்ஸ்பி ஷேர் தெரியலைன்னு எஸ்எம்பி1-ஐ (பழைய ஃபைல் ஷேரிங் முறை) எனேபிள் பண்ணச் சொல்லுவாங்க. வன்னாக்ரை புகுந்த வாசலே அதுதான், திறக்காதீங்க. பென்டிரைவே போதும்.

80 ஜிபி ஐடிஇ டிஸ்க்கை ஐடிஇ டு யூஎஸ்பி கன்வெர்ட்டர்ல மாட்டுறப்ப ஜம்பர் மாஸ்டர்ல இருக்கட்டும். பழைய மை டாக்குமென்ட்ஸைத் திறந்தா "ஆக்சஸ் டினைடு" வரும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல "சிம்பிள் ஃபைல் ஷேரிங்" டிக்கை எடுத்துட்டு, ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர் போய் உங்க பேரை ஓனரா வைங்க, திறந்துரும்.

எல்லாம் போட்டு, ஆக்டிவேஷன் முடிச்சு, டாங்கிள் ஓடி, ஒரு பத்திரிகை பிரின்ட் எடுத்துப் பார்த்த அன்னைக்கே குளோன்ஸில்லா சிடியில பூட் பண்ணி சி டிரைவை ஒரு வெளி டிஸ்க்குக்கு இமேஜா எடுத்து வைங்க. மறுநாள்னு தள்ளாதீங்க.

திருமங்கலம்_பிரஸ்

அண்ணன்களுக்கு ரொம்ப நன்றி. 7பி, கருப்புத் திரை ரெண்டும் போயிருச்சு. போர்டுல 26 முள் இருந்துச்சு, இபிபி மோடுல டாங்கிள் எடுத்துருச்சு. இமேஜும் எடுத்தாச்சு. இப்ப ரெண்டு தொல்லை. நைட்டு மெயின் சுவிட்சை அணைச்சுட்டுப் போனா காலையில திரும்ப அதே 7பி. பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்தா வரி உடையுற இடம் மாறி, ரெண்டு பக்கம் வந்தது மூணாகுது. எழுத்துரு பழைய டிஸ்க்ல இருந்ததுதான்.

சிம்மக்கல்_சர்வீஸ்

7பி-க்கு போர்டு செல்தான் காரணம். கரன்ட் முழுசா நின்னதும் பயாஸ் தன் பழைய நிலைக்குப் போய் சாட்டாவை ஏஹெச்சிஐ ஆக்கிருது. காலையில பயாஸுக்குள்ள தேதியைப் பாருங்க, பின்னால போயிருந்தா சந்தேகமே இல்லை. சிஆர்2032 செல் ஒண்ணு வாங்கி, பிளக்கைப் பிடுங்கிட்டு மாத்துங்க. ஐடிஇ, 378, இபிபி, லெகஸி யூஎஸ்பி நாலையும் திரும்ப வச்சு சேவ் பண்ணுங்க. அந்த நாலையும் ஒரு சீட்டுல எழுதி கேபினெட் உள்பக்கம் ஒட்டிருங்க, அடுத்து யார் திறந்தாலும் உதவும்.

எழுத்துரு_ஆர்வலர்

வரி உடைவதற்குக் காரணம் பிரின்டர். பேஜ்மேக்கர் ஒவ்வொரு கோப்பையும் ஒரு குறிப்பிட்ட பிரின்டரின் அளவுகளை வைத்தே கோக்கிறது. ஃபைல், டாக்குமென்ட் செட்டப் திறந்தால் அடியில் "கம்போஸ் டு பிரின்டர்" என்று இருக்கும். பழைய மெஷினில் எந்த பிரின்டர் இருந்ததோ அதன் டிரைவரை எக்ஸ்பியில் போட்டு (பிரின்டர் கையில் இல்லாவிட்டாலும் டிரைவர் மட்டும் போதும்), அந்த இடத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பைத் திறக்கும்போது மறுபடி கோக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சோதிப்பதற்குப் பழைய கோப்பின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். மாறிய வரிகளோடு மூலத்தையே சேமித்துவிட்டால் பழைய அடுக்கு திரும்பாது.